வசந்தத்தில் புல் விதைக்கும் பட்டம்

பங்குனி மாதத்தின் பிற்பகுதியில், சிகாகோ நகரத்துக்கு மேற்கே இருக்கும் புதிய குடியிருப்பு ஒன்றில் என் மகள் வாங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வேலையெல்லாம் முடிந்திருக்க, வாசலும் கொல்லையும் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தன. கட்டட வேலைக்கு வந்துபோன கனத்த வண்டிகள் மிதித்து இறுக்கிய களிமண், பனி உருகிய நீரில் ஊறி, கால் வைத்த இடத்தில் செருப்பைப் பற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தது. பின்னர் நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தது. அண்டை வீட்டார் விதை மூட்டைகளை வாங்கி வந்து தூவத் தொடங்கினார்கள். அதைக் கண்ட என் மருமகன், "மாமா, நீங்கள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள், நாமும் இப்போதே விதைத்துவிடலாமா?" என்று கேட்டார். நெல்லுக்கும் உளுந்துக்கும் பட்டம் அறிந்திருந்த எனக்கு அந்த நாட்டுப் புல்லுக்குப் பட்டம் தெரியாது. "பத்து நாள் பொறுங்கள், மாப்பிள்ளை, விசாரித்துச் சொல்லுகிறேன்" என்றேன். அப்படித் தொடங்கிய விசாரணை, நான் அங்கே தங்கியிருந்த ஆறு மாதமும் நீடித்தது. வசந்த காலத்தில் புதிய புல்தரை விதைப்பதற்கு உரிய வேளையை நிர்ணயிப்பது எப்படி என்பதைப் பற்றித் தோட்டக் கலைஞரும் தாவர சாஸ்திரிகளும் கொண்டுள்ள பலவகை அபிப்பிராயங்களையும், அவற்றுக்கு ஆதாரமான காரணங்களையும் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் புல், எந்தப் பிரதேசம்

வினாவுக்கு விடை தேடுமுன் அதன் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். வீட்டின் முன்னே புல்லை மட்டும் வளர்த்து, அதைக் குட்டையாகக் கத்தரித்து வைக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரௌன் என்று புகழ்பெற்ற லான்சலட் பிரௌன் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ விரிந்த புல்வெளிகளை அமைத்தபோது, அவற்றைக் குட்டையாக வைத்திருக்க ஆட்டு மந்தைகளின் வாயும் அரிவாள் வீசும் ஆட்களின் கையும் தேவைப்பட்டன. ஆகவே செல்வர்க்கே அது உரியதாயிருந்தது. 1830-ஆம் ஆண்டில் க்ளஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் அதனை மேற்கொள்ள வழி பிறந்தது. அமெரிக்காவில் அது ஒவ்வொரு குடியிருப்பின் முகமாகவே ஆகிவிட்டது. அதனால்தான், புது வீட்டின் வெறும் மண் அங்கே உள்ளவர்களுக்கு ஒரு குறையாகத் தோன்றுகிறது. அக்குறையை முதல் வெயிலிலேயே போக்கிவிட வேண்டும் என்ற அவசரமும் அதிலிருந்தே எழுகிறது.

புல்தரைக்கு உதவும் புல்வகைகள் இரண்டு பெருங்குலங்களாகப் பிரிகின்றன. குளிர்ச்சியை விரும்புவன ஒரு குலம். வெப்பத்தை விரும்புவன மற்றொரு குலம். கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவை முதற் குலத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் வடபாதியிலும் இங்கிலாந்திலும் நாம் காணும் பச்சையெல்லாம் இவற்றின் பச்சையே. தென் மாநிலங்களில் ஆட்சி செலுத்துபவை ஸோய்ஸியா, பெர்முடா முதலியவை. இவற்றுள் பெர்முடாப் புல் என்று அவர்கள் விலை கொடுத்து விதை வாங்கிப் பயிரிடுவது, நாம் பிள்ளையாருக்கு மாலை கட்டிச் சாத்தும் அறுகம்புல்லேயன்றி வேறில்லை. தாவர நூலார் இரண்டுக்கும் ஸைனோடான் டாக்டிலான் என்ற ஒரே பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள்.

அறுகைப் பொறுத்தவரையில் வசந்தகால விதைப்பில் சிக்கல் அதிகம் இல்லை. அது வெயிலின் பிள்ளை. மண் 65 முதல் 70 டிகிரி பாரன்ஹீட் அளவுக்குச் சூடேறிய பிறகு, அதாவது வசந்தத்தின் இறுதியில், விதைத்துவிட்டால் முன்னே வரும் கோடை முழுவதும் அதற்கு வளரும் காலம். விதைத்தவன் பின்னால் வருவதற்கு அஞ்சவேண்டியதில்லை. குளிர்ச்சியை விரும்பும் புல்லின் கதை இதற்கு நேர்மாறானது. அது முளைக்கும் பருவத்துக்கும் வாடும் பருவத்துக்கும் இடையே உள்ள அவகாசம் குறுகியது. அந்தக் குறுகிய அவகாசத்தை எப்படிக் கண்டுகொள்வது என்பதில்தான் எல்லா விவாதமும் எழுகிறது. ஆகையால் இக்கட்டுரை பெரும்பாலும் அதையே பற்றியது.

நாட்காட்டியும் பூக்களும்

முதலாவதாக நிற்பது நாட்காட்டியை நம்பும் கட்சி. வட மாநிலங்களில் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, இங்கிலாந்தில் ஏறக்குறைய ஏப்ரல் மாதம் முழுவதும் என்று தோட்டக் கையேடுகள் வகுத்துரைக்கின்றன. பல்லாண்டு அநுபவத்தின் சராசரியைக் கூறுவதால் இந்தக் கணக்கை அலட்சியம் செய்ய இயலாது. ஆயினும் சராசரி என்பது எந்த ஒரு வருஷத்துக்கும் முற்றிலும் பொருந்துவதன்று. ஒரே நகரத்திலும் அது பிசகும். சிகாகோவிலேயே மிச்சிகன் ஏரியின் குளிர்ந்த காற்று படும் கரையோரத்தில் வசந்தம் பிந்தி வருகிறது. உள்நோக்கி மேற்கே போகப் போக அது முந்துகிறது. கடைசி உறைபனி விழும் நாளைக் கொண்டு கணிப்பவர்களும் உண்டு. தக்காளி நாற்றுக்கு அந்தக் கணக்கு உயிர்நாடி. புல்லுக்கோ அது அத்தனை முக்கியமன்று. குளிர்ப் புல்லின் இளம் முளை இலேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும் வலிமை உடையது.

இரண்டாவது கட்சி தேதியைப் பார்ப்பதில்லை, செடிகொடிகளைப் பார்க்கிறது. இயற்கையின் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு மற்றொன்றின் வேளையை அறியும் இம்முறை மிகப் பழமையானது. ஸ்வீடன் நாட்டுத் தாவர மேதை லின்னேயஸ், எந்தச் செடி எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று குறித்து மலர்களைக் கொண்டே ஒரு பஞ்சாங்கம் அமைக்கலாம் என்று 1751-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அதற்கும் முன்பே, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ஆம் ஆண்டிலிருந்து வசந்தத்தின் அறிகுறிகளை ஆண்டுதோறும் எழுதிவைக்கத் தொடங்கினார். முதல் இலை, முதல் மலர், குயிலின் முதற் கூவல் எல்லாம் அவர் ஏட்டில் இடம்பெற்றன. அவர் மறைந்த பின்னும் அவர் சந்ததியார் அப்பணியை 1958 வரை நடத்திவந்தார்கள் என்பது நினைக்க நினைக்க வியப்பளிக்கிறது.

இந்த மரபின் வழிவந்ததே, ஃபார்சித்தியா என்ற புதர்ச்செடியைப் பார்த்துப் புல்தரை வேலையைத் தொடங்கும் வழக்கம். இலை எதுவும் தோன்றுமுன் கிளை முழுவதும் மஞ்சள் மலராகப் பூத்து நிற்கும் அச்செடியை வட மாநிலங்களின் தெருக்களில் யாரும் காணாமல் இருக்க முடியாது. அது பூப்பதும் மண்ணின் மேற்பரப்பு ஏறக்குறைய 50 டிகிரியைத் தாண்டுவதும் அநேகமாகச் சேர்ந்து நிகழ்கின்றன. நாட்காட்டியைவிட மலர் நம்பத்தக்கது. ஏனெனில் அந்த ஆண்டின் வெப்பத்தையும் குளிரையும் அது தன் உடம்பில் தாங்கியே பூக்கிறது. எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. மலர் நிற்பது காற்றில். விதை கிடப்பது மண்ணில். சுவரோரத்து வெயிலில் நிற்கும் ஃபார்சித்தியா, வீட்டின் நிழற்புறத்து மண்ணுக்காகச் சாட்சி சொல்ல இயலாது.

மண்ணின் உஷ்ணம்

ஆகவே மூன்றாவது கட்சி மண்ணையே நேராகக் கேட்கச் சொல்லுகிறது. புல் விதை நீரை உறிஞ்சிப் பருத்ததும் அதன் உள்ளே இரசாயன மாறுதல்கள் தொடங்குகின்றன. கருவிலிருந்து புறப்படும் ஒரு சமிக்ஞை, மாவுப்பகுதியைச் சூழ்ந்த மெல்லிய படலத்தைத் தூண்டி நொதிப்பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. அந்நொதிகள் மாவைச் சர்க்கரையாக மாற்ற, அச்சர்க்கரையை உண்டு வேர்முனை வெளிப்படுகிறது. இச்செயல்கள் யாவும் உஷ்ணத்துக்குக் கட்டுப்பட்டவை. குளிர்ப் புல்வகைகளுக்கு மண் 50 முதல் 65 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேட் வரை இருப்பது உசிதமான நிலை. அதற்குக் கீழே விதை உடனே செத்துவிடுவதில்லை. ஆனால் அசைவற்று ஈரத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஆபத்தான நாளே. பறவை கொத்துகிறது, மழை அடித்துச் செல்லுகிறது, குளிர்ந்த சேற்றில் செழிக்கும் பிதியம் முதலிய பூஞ்சணங்கள் விதையையும் முளையையும் அழுகச் செய்கின்றன.

இதைப் படித்தறிந்த நான், மண்ணில் குத்தி வைக்கும் உஷ்ணமானி ஒன்றை வாங்கி வரச் சொல்லி, நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரண்டு அங்குல ஆழத்தில் அளந்து பார்த்தேன். ஊரிலிருந்து நான் கொண்டுபோயிருந்த தினசரி நாட்காட்டி அடுக்களைச் சுவரில் தொங்கியது. காலையில் கிழிக்கும் தாளின் பின்புறத்தில் அந்த நாளின் அளவுகளைக் குறித்துவைத்தேன். சித்திரை பிறந்து நாலாவது நாள், வீட்டின் தென்புறத்தில் காலை அளவு 49, மாலை அளவு 58. அதே நாளில் வடபுறத்தில் காலை 43, மாலை 46. இரண்டுக்கும் இடையே முப்பதடி தூரந்தான். தென்புறத்தில் மண் மேலே வெளிறி, மயிரிழை போல வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. வடபுறத்திலோ குத்திய உஷ்ணமானியை எடுத்தபோது அந்தத் துளையில் நீர் கசிந்து நின்றது. ஒரே வீட்டுக்கு ஒரே விதைப்பு நாள் இல்லை என்ற உண்மை அந்த முப்பதடியில் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

இந்த வேற்றுமைக்குக் காரணம் வெயில் மட்டுமன்று, நீரும் காரணம். ஒரே எடையுள்ள நீரையும் உலர்ந்த மண்ணையும் ஒரே அளவு சூடாக்க வேண்டுமானால், மண்ணுக்குத் தேவைப்படும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் நீருக்குத் தேவைப்படுகிறது. ஆதலால் ஈரம் கோத்த களிமண் மெல்லச் சூடேறுகிறது. நீர் வடிந்துவிடும் மணற்பாங்கு விரைவில் சூடேறுகிறது. ஒரு நாளின் அளவைக் கண்டு ஏமாறவும் கூடாது. வெயில் அடித்த ஒரு பிற்பகலில் மேல்மண் 60 டிகிரியை எட்டிவிட்டு, அன்றிரவே 40-க்கு இறங்கிவிடும். காலை அளவையும் மாலை அளவையும் கூட்டிப் பாதியாக்கி, ஐந்தாறு நாள் தொடர்ந்து அந்தச் சராசரி 50-க்கு மேல் நிலைத்து நின்றால், கீழ் எல்லை கடந்தாயிற்று என்று கொள்ளலாம்.

மண்ணின் பதம்

உஷ்ணத்தோடு பதமும் பொருந்த வேண்டும். இது நம் நாட்டுக் குடியானவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்தி, பிறகு விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை உடைந்து பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது. விரல் பட்ட இடம் குழிந்து, உருண்டை சேற்று உருண்டையாகவே நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இல்லினாய் மண்ணில் நான் செய்த இந்தச் சோதனை, சிறுவயதில் என் பாட்டனார் உழவுக்கு முன் செய்யக் கண்ட சோதனையேதான்; தோட்டக்கலையைக் கற்பிக்கும் அமெரிக்கக் கையேடுகளும் இதே கைப்பிடியைத்தான் சொல்லுகின்றன.

பதம் வருமுன் களிமண்ணில் இறங்கி வாரியை இழுப்பவர், ஒரு வாரத்தை மிச்சப்படுத்தப் போய் ஓராண்டை இழக்கக்கூடும். ஈர மண்ணை மிதித்தால் அதன் நுண்துளைகள் அடைபடுகின்றன. காய்ந்ததும் அது செங்கல்போல் இறுகுகிறது. வேருக்குக் காற்றும் இல்லை, வழியும் இல்லை. புது வீடுகளின் மண்ணில் ஏற்கெனவே வண்டிகள் செய்துவைத்திருக்கும் கேடு போதும். அதற்குமேல் நம் அவசரமும் சேர வேண்டியதில்லை. மேல்மண்ணை ஐந்தாறு அங்குலம் தளர்த்தி, மட்கிய எருவைக் கலந்து, கல்லைப் பொறுக்கி, வீட்டிலிருந்து நீர் வெளிநோக்கி வடியும்படி சமன் செய்வது, விதைப்பதைவிட நீண்ட வேலை. மண் சூடேறுவதற்காகக் காத்திருக்கும் நாட்களே இவ்வேலைக்கு உகந்த நாட்கள் என்று நினைத்தால் காத்திருப்பது வீணாகாது.

கோடை என்னும் மேல் எல்லை

இதுவரை கண்ட எல்லாக் கட்சிகளும், 'எப்போது தொடங்கலாம்?' என்ற ஒரு கேள்விக்கே விடை கூறின. 'எப்போதுக்குள் முடித்தாக வேண்டும்?' என்ற கேள்வியை மறந்துவிடுவதே வசந்தகால விதைப்பில் நேரும் பெரும்பிழை என்று நான் கருதுகிறேன். குளிர்ப் புல்லின் விதை முளைப்பதற்கு மே மாத இறுதி ஏப்ரலைவிடக் கூடச் சௌகரியமானது. மண் இதமாக இருக்கிறது, முளை விரைந்து வருகிறது, விதைத்தவர் மகிழ்கிறார். ஆனால் அந்த முளைக்கு அங்குல ஆழம் வேர் விடுவதற்குள் கோடை வந்துவிடுகிறது.

கோடை ஏன் அதற்குப் பகையாகிறது என்பதைத் தாவர சாஸ்திரம் தெளிவாக விளக்கியிருக்கிறது. ரைகிராஸ், புளூகிராஸ் முதலியவை காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பற்றும்போது, வெப்பம் மிகுந்த நாளில் அதற்குப் பதிலாகப் பிராணவாயுவையும் பற்றிக்கொண்டு, தாம் ஈட்டிய சக்தியில் ஒரு பகுதியை வீணாக்குகின்றன. கரும்பு, சோளம், அறுகு முதலிய வெப்பநாட்டுப் பயிர்கள் கரியமில வாயுவை முதலில் வேறொரு வழியில் திரட்டிக்கொள்வதால் அந்த நஷ்டத்துக்கு ஆளாவதில்லை. இந்த இரண்டாவது வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் விரிவாக விளக்கி நிலைநாட்டினர். குளிர்ப் புல்லின் வேர் நன்றாக வளர்வதும் மண் 50 முதல் 65 டிகிரிவரை உள்ள காலத்தில்தான். அதற்கு மேலே உஷ்ணம் ஏற ஏற வேரின் வளர்ச்சி குன்றுகிறது. ஆழ வேரூன்றிய பழைய புல்தரை கோடையில் பழுத்துத் தூங்கிப் பின் மழையில் எழுந்துவிடும். ஆறு வாரமும் நிறையாத இளம்பயிருக்குத் தூங்கி எழும் அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

ஆகையால் விதைப்பு நாளை முன்னிருந்து எண்ணுவதோடு பின்னிருந்தும் எண்ண வேண்டும். வட இல்லினாயில் கடும் வெப்பம் ஜூன் பிற்பாதியில் தொடங்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால், முளைத்த பயிருக்குக் குறைந்தது ஆறு வாரமாவது கிடைக்கும்படி முளைப்பு மே முதல் வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் புல்லின் ஜாதி குறுக்கிடுகிறது. ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைக்கிறது. நெடிய ஃபெஸ்க்யூ ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கிறது. கென்டக்கி புளூகிராஸோ இரண்டு வாரம் முதல் நாலு வாரம்வரை எடுத்துக்கொள்கிறது. ரைகிராஸ் விதைப்பவர் ஏப்ரல் இறுதிவரை பொறுக்கலாம். புளூகிராஸ் விதைப்பவர் ஏப்ரல் நடுவிலேயே விதைத்தாக வேண்டும், அல்லது வசந்தத்தையே விட்டுவிட வேண்டும். இவற்றைக் கலந்து விதைப்பதும், விரைந்து முளைக்கும் ரைகிராஸின் நிழலில் புளூகிராஸ் மெல்ல எழுவதும் இந்தக் கணக்கின் விளைவே.

இந்த ஜாதிகளின் வரலாற்றையும் இங்கே சுருக்கமாக நினைவுகூரலாம். இன்று நாடெங்கும் பரவியுள்ள 'கென்டக்கி 31' என்னும் நெடிய ஃபெஸ்க்யூ, கென்டக்கி மாநிலத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் 1931-இல் கண்டெடுக்கப்பட்டு, 1943-இல் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. 'மெரியன்' என்ற புளூகிராஸ், பென்சில்வேனியாவின் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 1936-இல் கண்டறியப்பட்டது. 1967-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க் வெளியிட்ட 'மான்ஹாட்டன்' என்ற ரைகிராஸின் மூலச்செடிகள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் மிதிபட்டு வளர்ந்தவை. வெப்பத்தையும் மிதியையும் வென்று நின்ற செடிகளையே தேடிப் பிடித்த இந்த ஆராய்ச்சி, கோடையின் கொடுமையை ஓரளவு தணித்திருக்கிறது. ஆனால் எந்தப் புது ஜாதியும் முளைத்த முதல் மாதத்திலேயே வெயிலைத் தாங்கும் வலிமையோடு பிறப்பதில்லை.

களையின் போட்டி

வசந்தத்தில் விதைப்பவருக்குக் கோடை ஒரு பகையானால், அதன் துணையாக வரும் களை மற்றொரு பகை. கிராப்கிராஸ் என்று அங்கே பெயர் பெற்ற புல், நண்டின் கால்களைப்போல் தரையோடு நாலாபக்கமும் பரவுவது. நண்டுப்புல் என்றே நாமும் சொல்லலாம். அதன் விதை, மண் 55 டிகிரியில் சில நாட்கள் தொடர்ந்து நின்றவுடன் முளைக்கத் தொடங்குகிறது. நாம் விரும்பி விதைத்த புல்லுக்கும் அழையாமல் வந்த நண்டுப்புல்லுக்கும் முளைக்கும் உஷ்ணத்தில் ஐந்து டிகிரிதான் இடைவெளி என்பதைக் கவனிக்க வேண்டும். நண்டுப்புல் கரும்பின் வழியைப் பின்பற்றும் வெப்பப் பயிர். ஆகையால் ஜூன் வெயிலில் நம் பயிர் திணறும்போது அது ஓங்குகிறது.

அதைத் தடுக்க முளைக்குமுன் தெளிக்கும் மருந்துகள் கடைகளில் உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை புல்லினத்தின் எந்த முளையையும் வேறுபாடின்றி அழிப்பவை. களைக்கு மருந்தும் புல்லுக்கு விதையும் ஒரே வசந்தத்தில் ஒரே மண்ணில் சேர மாட்டா. மருந்து கலந்த உரத்தை மார்ச்சில் தூவிவிட்டு ஏப்ரலில் விதைத்தவர் விதை முளைக்கவில்லையே என்று வருந்துவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. சிடுரான், மெஸோட்ரியோன் என்ற இரண்டு மருந்துகளை மட்டும் பல குளிர்ப் புல்வகைகளின் விதைப்பின்போதே பயன்படுத்தலாம் என்று நிபுணர்கள் அநுமதிக்கிறார்கள். அவற்றையும் உறையில் அச்சிட்டிருக்கும் விதிப்படி, இன்ன புல்லுக்குப் பொருந்தும் என்று பார்த்தே பயன்படுத்த வேண்டும். மருந்தை நாடாதவர்களுக்கு முந்தி விதைப்பதும், இடைவெளியின்றி அடர்த்தியாக முளைக்க வைப்பதும், கையால் களை பிடுங்குவதுமே வழி.

இலையுதிர் காலத்தின் வாதம்

இத்தனை இடர்களையும் எண்ணிப் பார்த்தே, தோட்டக்கலை அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் வசந்தத்தைவிட ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை உள்ள காலத்தையே வட மாநிலங்களுக்கு உத்தமம் என்கிறார்கள். அவர்கள் வாதம் வலுவானது. அப்போது மண்ணில் கோடையின் சூடு தங்கியிருக்கிறது. ஆகவே விதை விரைந்து முளைக்கிறது. காற்று நாளுக்கு நாள் குளிர்கிறது. ஆகவே முளைத்த பயிர் வாடுவதில்லை. நண்டுப்புல் தன் ஆயுளின் முடிவில் நிற்கிறது. முன்னே இருப்பது குளிர்ந்த இரண்டு மாதமும், பனிக்குப் பின் மீண்டும் குளிர்ந்த ஒரு வசந்தமும். கோடை வருமுன் வேருக்கு இரண்டு பருவங்கள் கிடைக்கின்றன. இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்றே. பெருமரங்களின் கீழ் விதைத்தால், உதிரும் இலைகள் இளம்பயிரை மூடி அழுத்திவிடும். அத்தகைய இடத்தில் இலைகளை அடிக்கடி வாரி அகற்றியாக வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே, பனிக்கால விதைப்பு என்று ஒரு மூன்றாம் முறையும் வழங்குகிறது. விதை முளைக்க இயலாதபடி மண் குளிர்ந்துவிட்ட நவம்பர் இறுதியிலோ, பனி விலகிக்கொண்டிருக்கும் மார்ச் தொடக்கத்திலோ வெறும் மண்ணில் விதையைத் தூவிவிடுவது இதன் வழி. இரவில் உறைந்தும் பகலில் இளகியும் மண் தேனடைபோல் வெடித்து மூடும்போது, விதை தானாகவே அந்த வெடிப்புக்குள் இறங்குகிறது; மண் சூடேறிய முதல் நாளிலேயே முளைத்தெழுகிறது. சேற்றில் கால் வைக்காமலே வசந்தத்தின் முழு அவகாசத்தையும் பெற்றுவிடும் இம்முறை, சமதளத்துக்கு உகந்தது; சரிவான இடத்தில் உருகும் நீர் விதையை அடித்துக்கொண்டு போய்விடும்.

இங்கிலாந்தில் இந்த வாதங்களின் எடை சற்று மாறுகிறது. அங்கே கோடை மென்மையானது. ஆகவே ஏப்ரல் விதைப்பு அமெரிக்க மத்திய மேற்கில் இருப்பதைவிடப் பத்திரமானது. ஆயினும் 1976-இல் வந்ததுபோன்ற வறட்சி வந்து, தோட்டத்துக்குக் குழாய் நீர் பாய்ச்சத் தடையும் விதிக்கப்பட்டால், வசந்தத்தில் விதைத்தவரே முதலில் இழப்பவர். அதனால் அங்கேயும் இலையுதிர் காலத் தொடக்கத்துக்கே முதலிடம்.

அப்படியானால் வசந்தத்தில் விதைக்கவே கூடாதா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி வெறும் மண்ணாய் விட்டால், வசந்த மழை அதைக் கரைத்துத் தெருச் சாக்கடையில் சேர்க்கிறது. பனிக்காலத்தில் செத்துப்போன புல்தரையின் வெற்றிடங்களைக் களைக்கு விட்டுவிடுவதும் அழகன்று. நாள்தோறும் நீர் தெளிக்க ஆளும் குழாயும் உள்ள வீட்டில், கீழ் எல்லையும் மேல் எல்லையும் பார்த்து விதைத்தால், வசந்த விதைப்பு பயன்தரும் என்பதே உண்மை.

முடிவு

நம் நாட்டில் பட்டம் என்ற சொல் விதைக்கும் நாளை மட்டும் குறிப்பதன்று என்பதை இந்த ஆராய்ச்சியின் நடுவில் நான் புதிதாக உணர்ந்தேன். ஆடிப் பட்டத்தில் சம்பா விதைப்பவர், ஆடியில் வரும் புதுப் புனலை மட்டும் பார்த்து விதைப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையைப் பயிர் எந்த வயதில் எதிர்கொள்ளும், தைப் பிறப்புக்குக் கதிர் எந்த நிலையில் இருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருக்கின்றன. பட்டம் என்பது விதையின் வேளை மட்டுமன்று. பயிரின் வாழ்நாள் முழுவதையும் முன்னே விரித்துப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எடுத்த முடிவு. வசந்தத்தில் புல் விதைப்பதற்கும் அதுவே விதி. கீழ் எல்லையை மண் காட்டுகிறது. அதைக் கையாலும் உஷ்ணமானியாலும் அறியலாம். மேல் எல்லையைக் கோடை விதிக்கிறது; அதை எண்ணித்தான் அறிய வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆறு வாரமாவது மிஞ்சினால் விதைக்கலாம். மிஞ்சாவிட்டால் ஆகஸ்ட் வரை காத்திருப்பதே அறிவுடைமை.

அவ்வாறே செய்தோம். தென்புறத்து மண் சராசரி 52 டிகிரியில் ஆறு நாள் தொடர்ந்து நின்றதும், ஏப்ரல் இருபத்திரண்டாம் நாள், ஃபெஸ்க்யூவும் ரைகிராஸும் கலந்த விதையைத் தூவினோம். கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடாதபடி வாரியின் பின்புறத்தால் இலேசாக இழுத்து, கீழே மண் தெரியும் அளவுக்கு மெல்லிய வைக்கோலைப் பரப்பினோம். மருமகன் காலையும் மாலையும் தூறல்போல் நீர் தெளித்தார். ஒன்பதாம் நாள் அதிகாலையில் வைக்கோலினூடே ஊசி முனைபோன்ற பச்சை தெரிந்தது. பயிர் மூன்றங்குலத்தைத் தாண்டியதும் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டினோம். அதன்பின் நீரை நாள்தோறும் தெளிப்பதை நிறுத்தி, இடைவெளிவிட்டு ஆழமாகப் பாய்ச்சினோம். ஜூலை வெயிலில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கருகியது. நண்டுப்புல்லை என் மகளும் நானும் மாலைதோறும் உட்கார்ந்து பிடுங்கினோம்.

வடபுறம் மே பத்தாம் தேதிக்கு மேல்தான் பதத்துக்கு வந்தது. பின்னோக்கி எண்ணிப் பார்த்தபோது அவகாசம் போதவில்லை. மண்ணை மட்டும் பண்படுத்தி, அரிப்பைத் தடுக்க ஓட்ஸ் தூவி வைத்து, ஆகஸ்ட் இருபத்தைந்தில் அதை வெட்டிக் கிளறிப் புல் விதைத்தோம். செப்டம்பர் இறுதியில் நான் ஊர் திரும்பும்போது அங்கே களை என்று பிடுங்க ஒன்றும் இல்லை. தென்புறம் ஐந்து மாதத்தில் கண்ட அடர்த்தியை வடபுறம் ஐந்தே வாரத்தில் எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் மழை பெய்தபோதெல்லாம் வாசல்மண் தெருவுக்குப் போகாமல் காத்தது தென்புறத்துப் புல்தான்.

புறப்படும் நாளில், அடுக்களைச் சுவரிலிருந்து கிழித்துச் சேர்த்திருந்த நாட்காட்டித் தாள்களை நூலால் கட்டி மருமகன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு தாளின் முன்புறத்திலும் திதியும் நட்சத்திரமும் நல்ல நேரமும் அச்சிட்டிருந்தன. பின்புறத்தில் தென்புறம் இவ்வளவு, வடபுறம் இவ்வளவு என்று அந்த மண் சொன்ன கணக்கு என் எழுத்தில் இருந்தது. அடுத்த பங்குனியில் அண்டை வீட்டார் விதை மூட்டையோடு வரும்போது, இந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து, அதன்கீழ் அந்த ஆண்டின் கணக்கையும் எழுதிச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.